ராக் பாடல்களில் கிட்டார் ஏன் உறுமுகிறது? 'டிஸ்டார்ஷன்' என்றால் என்ன?

கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைப்பதுதான் டிஸ்டார்ஷன். கம்பியின் அதிர்விலிருந்து வரும் சிறிய மின் அலையை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்குகிறது. அதன் சக்திக்கு மீறி ஏற்றினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்போது மூல ஒலியில் இல்லாத மேல் அதிர்வுகள் வந்து ஒட்டிக்கொள்ளும். கரகரப்பு அங்கிருந்துதான் வருகிறது. திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரை முழுசாகத் திருகி வைத்தால் பாட்டு பிளிறுமே, அதே சங்கதிதான்.

இதை முதலில் கோளாறாகத்தான் பார்த்தார்கள். ஆனால் 1964-இல் 'தி கிங்க்ஸ்' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டேவ் டேவிஸ், அந்தக் கரகரப்புக்காகவே தன் ஸ்பீக்கரின் கூம்புக் காகிதத்தை பிளேடால் கிழித்துவிட்டு 'யூ ரியலி காட் மீ' பாட்டுக்கு வாசித்தார். அப்போது அவருக்கு 17 வயது! இன்றைக்குக் கேட்டாலும் அந்த முதல் இரண்டு வினாடி எனக்குச் சிலிர்க்கும்.

அப்புறம் இன்னொன்று. டிஸ்டார்ஷனில் நிறைய ஸ்வரங்களைச் சேர்த்து வாசித்தால் குழம்பிப்போகும். அதனால் இரண்டே ஸ்வரம்: நம் கணக்கில் ச, ப. தம்புராவில் கேட்கும் அதே ஜோடிதான். 'பவர் கார்டு' என்பார்கள். பிளாக் சபாத்திலிருந்து நிர்வானா வரை பல ராக் குழுக்களுக்கு இதில்தான் ஓடியது வண்டி.

சத்தமாக வைத்தால்தான் இந்த உறுமல் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, காலடியில் ஒரு பெடல் (அலையை வெட்டித் தட்டையாக்கும் சின்னப் பெட்டி, காலால் அழுத்தி இயக்குவது) இருந்தால், பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்திருக்காத அளவு ஒலியிலும் வரும்.