லட்சுமியின் முகத்தைக் கழுவலாமா?

அன்புள்ள அண்ணே,

எங்கள் ஊர் கானாடுகாத்தான் பக்கம். ஐயா கட்டிய வீடு. பங்காளிகள் எல்லாரும் பேசி, முகப்பையும் மாடியில் நான்கு அறைகளையும் வெளியூர் விருந்தினர் தங்குவதற்கு விடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சுவரெல்லாம் வெறிச்சென்று இருக்கிறதே என்று மாடி அலமாரியைக் கிளறியதில் மூன்று சாமான்கள் கிடைத்தன. ஜிகினாவும் பாசிமணியும் ஒட்டி அலங்கரித்த ரவிவர்மா லட்சுமி படம், கண்ணாடிச் சட்டத்தோடு. அட்டை போன ஒரு பெரிய எழுத்துக் கதைப் புத்தகம், உள்ளே மரக்கட்டை அச்சுப் படங்கள். அப்புறம் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ பத்திரிகையிலிருந்து பிரித்த ஒரு தாள்: 1877, பெங்களூரில் பஞ்ச நிவாரணத்துக்காகக் காத்திருக்கும் ஜனக்கூட்டம்.

மூன்றையும் ஸ்கேன் செய்து, சுத்தப்படுத்தி, பெரிதாக அச்சடித்து மாட்டலாம், விருந்தினருக்கு விற்கவும் செய்யலாம் என்று யோசனை. முதலில் ஒரு ஸ்டுடியோவில் லட்சுமியை மட்டும் செல்போனில் எடுத்து, ஏதோ ஆப்பில் போட்டு ‘பளிச்’சென்று ஆக்கித் தந்தார்கள். அப்பத்தா பார்த்துவிட்டு, “இது யாருப்பா?” என்று கேட்டார்கள். அதிலிருந்து எனக்கும் குழப்பம். எதுவரைக்கும் துடைக்கலாம்? மறுபடி அச்சடித்து விற்பது ஏமாற்றா? சட்டச் சிக்கல் வருமா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

அப்பத்தா கேட்டது நல்ல கேள்வி. நானும் ஒரு படத்தை அந்தக் கதிக்கு ஆளாக்கியவன்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏழெட்டு வருஷம் முன்னால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய சாமான் கடை ஒன்றில், ஒரு பெரிய எழுத்துப் புத்தகம் வாங்கினேன். உள்ளே சிம்மாசனத்தில் ஒரு ராஜா. ராஜாவின் தோளிலும் பின்னால் தொங்கும் திரையிலும் மிளகு அளவில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். தாளைப் பூச்சி அரித்தது என்று நினைத்து, ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அடைத்தேன். சிம்மாசனத்தின் காலில் கோடு அறுந்திருந்தது, அதையும் இழுத்துச் சேர்த்தேன். நல்ல தாளில் பெரிதாக அச்சடித்து மாட்டி, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன். ஒருநாள் நண்பர் ஒருவர் தன்னிடம் இருந்த அதே கதைப் புத்தகத்தை எடுத்து வந்தார். அது வேறு வருஷத்துப் பதிப்பு. அதே ராஜா, அதே இடங்களில் அதே புள்ளிகள். கோடும் அதே இடத்தில் அறுந்திருந்தது. பூச்சி தின்றது தாளை அல்ல, படம் செதுக்கிய மரக்கட்டையை! அந்தக் கட்டை எத்தனை தடவை அச்சுக்கு ஏறியது, எத்தனை காலம் மூலையில் கிடந்தது என்பதற்கெல்லாம் சாட்சியாக இருந்ததைத்தான் மூன்று ராத்திரி கண் விழித்து அழித்திருக்கிறேன்.

இந்தத் துளைகளை வைத்தே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பிளேர் ஹெட்ஜஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர், ஐரோப்பாவின் பழைய மரக்கட்டைப் படங்களில் உள்ள வெள்ளைப் புள்ளிகளை அளந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வட ஐரோப்பாவில் அச்சான படங்களில் புள்ளி சராசரியாக 1.4 மில்லிமீட்டர், தெற்கில் 2.3. இரண்டும் வேறு வேறு வண்டு. எந்த வண்டு எந்தக் காலத்தில் எங்கே இருந்தது என்பதை அச்சுப் படங்களிலிருந்தே எடுத்துவிட்டார். என்னைப் போல ஒருவர் அங்கேயும் உட்கார்ந்து அடைத்திருந்தால் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

ஆகவே, படம் எப்படி அச்சானது என்று தெரிந்துகொள்ளாமல் அழிப்பான் கருவியைத் தொடாதீர்கள். நான் வைத்திருக்கும் சோதனை எளிதானது. குறை படத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி வெற்று விளிம்புக்கும் போகிறதா என்று பாருங்கள். ஈரக் கறை, மடிப்பு, கிழிசல் இதெல்லாம் தாளுக்கு வந்தவை, எல்லைக்கோட்டுக்குக் கட்டுப்படாது. கட்டையில் உள்ள குறை எல்லைக்கோட்டோடு நின்றுவிடும். புள்ளியாக இருந்தால் விரலால் தடவுங்கள். தாளில் விழுந்த ஓட்டை அடுத்த பக்கத்திலும் இருக்கும். கட்டையில் விழுந்த ஓட்டை என்றால் தாள் முழுசாக இருக்கும், மை மட்டும் ஏறியிருக்காது.

உங்கள் லண்டன் தாளில் இது அப்படியே பொருந்தும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் படத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள், ஸ்கேல் வைத்துப் போட்டது போல, நேராக ஓடுவது தெரியலாம். கீறல் என்று நினைத்துவிடாதீர்கள். 1842இல் தொடங்கிய அந்த வாரப் பத்திரிகையின் படங்களைப் பாக்ஸ்வுட் என்ற மரத்தில், குறுக்கே அறுத்த முகத்தில், செதுக்கினார்கள். நல்ல இறுக்கமான மரம், தலைமுடி மாதிரிக் கோடும் நிற்கும். ஆனால் அடிமரம் அதிகம் பருக்காது. பெரிய படம் வேண்டும் என்றால் சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துப் பின்னால் போல்ட் போட்டு முறுக்குவார்கள். அவசரம் என்றால் அதையே கழற்றி, வானத்தை ஒருவர், கூட்டத்தை ஒருவர் என்று ஆளுக்கு ஒரு துண்டாகக் கொடுத்துச் செதுக்கி, மறுபடி சேர்த்து அச்சுக்கு ஏற்றுவார்கள். சேர்ந்த இடம்தான் அந்த வெள்ளைக் கோடு. நான் அதைத் தொடுவதில்லை. நடு மடிப்புக் கறையை மட்டும் எடுப்பேன்.

ஸ்கேன் பற்றி. கறுப்பு மைப் படம்தானே என்று கறுப்பு வெள்ளையில் எடுத்துவிடாதீர்கள், கலரில் எடுங்கள். கலர் ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்கு இருக்கும், அதைத்தான் சானல் என்பார்கள். பழுப்புக் கறை நீலச் சானலில் கரேலென்று தெரியும், சிவப்புச் சானலில் கிட்டத்தட்ட இருக்காது. கறுப்பு மை எல்லாச் சானலிலும் கறுப்புதான். சிவப்பை மட்டும் பிரித்து எடுத்தால் ஒரு கோட்டைக்கூடத் தொடாமல் கறையில் பெரும்பகுதி போய்விடும். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து நிழலாடும். அதற்குத் தாளின் மேல் ஒரு கறுப்புச் சார்ட் அட்டையை வைத்து மூடியை மூடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். புத்தகத்தை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) எடுக்கலாம். பத்து சென்டிமீட்டர் படம் 300 டிபிஐ அச்சில் நாற்பது சென்டிமீட்டர் வரும், மரக்கட்டையின் தடித்த கோடு அதைத் தாங்கும். லண்டன் தாளுக்கு 600 போதும், அதைப் பெரிதாக்காதீர்கள். கோடுகள் அகன்றால் அதன் நயம் போய்விடும். ஸ்கேனரின் ‘ஷார்ப்’ வசதியை நிறுத்திவிட்டு டிஃப் கோப்பாகச் சேமித்து, அந்த முதல் கோப்பில் கை வைக்காமல் தனியாக வைத்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவில் பெரிதாக்கும் மென்பொருளையும் முயன்று பார்த்தேன். ஒரு கிழவியின் கன்னத்தில் நிழலுக்காகச் செதுக்கிய கோடுகளை அது தாடியாக்கிவிட்டது. அதோடு சரி.

பெரிய எழுத்துப் புத்தகத்தைத் தையல் பிரிக்க வேண்டாம். அட்டை இல்லாததால் எந்தப் பதிப்பு என்று தெரியாது என்பீர்கள். பக்கத்துக் கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்கள்தான் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆயின. இந்த மாதிரிப் புத்தகங்களைத் தேட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. படங்களை ஒப்பிட்டால் எது கட்டையின் குறை, எது உங்கள் பிரதியின் குறை என்பதும் விளங்கும், வருஷமும் பிடிபடலாம்.

வருஷம் சட்டத்துக்கும் வேண்டும். நம் நாட்டில் பதிப்புரிமை படைத்தவர் இறந்து 60 வருஷம் வரை. செதுக்கியவர் பெயரே இல்லாத படத்துக்கு வெளியானதிலிருந்து 60 வருஷம். ரவிவர்மா 1906இல் காலமானார், அங்கே பிரச்சினை இல்லை. 1877 தாளிலும் இல்லை. புத்தகம் எந்தக் காலத்துப் பதிப்பு என்று தெரியும்வரை அதை மட்டும் விற்க வேண்டாம்.

விற்பது ஏமாற்றா என்றால், தாளுக்குத் தேயிலைத் தண்ணீர் தடவி ‘அந்தக் காலத்து ஒரிஜினல்’ என்று நீட்டினால் ஏமாற்று. அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் செய்வது, பின்பக்கத்தில் பென்சிலால் மூலப்படத்தின் அளவு, மூலம் எங்கே உள்ளது, நான் எதை எடுத்தேன், எதை விட்டேன், மறு அச்சின் மாதம் வருஷம் இவ்வளவையும் எழுதிவிடுவது. அமிலமில்லாத பருத்திக் கூழ்த் தாள், பளபளப்பு வேண்டாம், பிக்மென்ட் மை. சட்டம் போடுகிறவரிடம் பின்னால் சாதா அட்டை வைக்கக் கூடாது, மைதாப் பசை தடவக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பூச்சிக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது.

பஞ்சப் படம் பற்றி ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதை எங்கே மாட்டப் போகிறீர்கள்? வாழை இலை போட்டுப் பதினாறு வகை பரிமாறும் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரிலா? கஞ்சிக்காகக் காத்து நின்றவர்களின் படம் அது. எனக்கு மனசு ஒப்பவில்லை. விற்பனைக்கும் வைக்காதீர்கள் என்பேன். பிரதி எடுத்து வாசிக்கும் அறையில், என்ன பஞ்சம், எந்த வருஷம் என்று நான்கு வரி எழுதி வையுங்கள்.

இனி லட்சுமி. நம் பக்கத்தில் பழைய சாமி படம் எல்லாமே ‘ரவிவர்மா படம்’தான். அவர் 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகத்தில் வந்ததா, அந்த மவுசில் வேறு யாரோ போட்டதா என்பதைப் படத்தின் கீழ் விளிம்பில் அச்சகத்தின் பெயர் இருந்தால்தான் சொல்ல முடியும். உங்கள் சட்டம் அந்த விளிம்பை மறைத்திருக்கலாம். இந்தப் படங்களைக் கல்லில் அச்சடித்தார்கள். நிறத்துக்கு ஒரு கல்லாக ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி, கடைசியில் வார்னிஷ் பூசுவார்கள். இப்போது மஞ்சளாகத் தெரிவதில் பாதி அந்த வார்னிஷ். ஆப்புக்கு அது தெரியாது, மஞ்சளைப் பிடித்து இழுத்திருக்கும், முகம் வெளிறியிருக்கும். ஜிகினாவைத் தூசி என்று நினைத்து வழித்திருக்கும். அந்த ஜிகினாவையும் பாசிமணியையும் உங்கள் வீட்டுப் பெண்கள் யாரோ சேலைக் கரையைப் பார்த்துப் பார்த்து ஒட்டியிருப்பார்கள். அச்சகத்திலிருந்து வந்த லட்சுமி ஊருக்கெல்லாம் பொது, ஜிகினா வைத்தது உங்கள் வீட்டு லட்சுமி. யார் ஒட்டியது என்று அப்பத்தாவிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

அதை ஸ்கேனரில் கவிழ்க்கவே கூடாது, பாசிமணி நொறுங்கும். கேமராவில்தான் எடுக்கணும். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து ஒன்று, ஒரு பக்க விளக்கை மட்டும் தாழ்வாக வைத்து ஒன்று. இரண்டாவதில்தான் ஜிகினா எழும்பி நிற்பது தெரியும். வார்னிஷ் பூசிய தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படி இருந்து அவசரமாகப் பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். தை மாதம் அந்தப் பக்கம் வருகிறேன், விளக்குகளை எடுத்து வருகிறேன். அதுவரை ஆசாரியைக் கூப்பிட்டுச் சட்டத்தைத் திறந்துவிடாதீர்கள்.