மறுதாம்புச் சோளமும் குதிரையின் மூத்திரப்பையும்

கேள்வி: அய்யா, எங்களிடம் எட்டு வயது மார்வாரி கலப்புப் பெண் குதிரை இருக்கிறது. அந்தியூர் சந்தையில் வாங்கியது, இரண்டு குட்டி ஈன்றது. ஒரு வருடமாக மூத்திரத் தொற்று வந்து வந்து போகிறது. மூத்திரம் மஞ்சளாக, கலங்கலாக, கொழகொழவென்று இருக்கிறது. நடக்கும்போதே சொட்டுகிறது, பின்தொடை வெந்து முடி கொட்டிவிட்டது. மருந்துக்கடையில் கேட்டு மூன்று நாள் ஊசி போட்டால் அடங்குகிறது, அடுத்த மாதமே திரும்ப வருகிறது. இதைவிட வீரியமான ஊசி எது? தீவனம், மாட்டுக்குப் போட்டிருக்கும் கோ.எப்.எஸ். 29 சோளமும் கொள்ளும்தான்.
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம் பக்கம்

பதில்: கலங்கலை விட்டுவிடுங்கள். குதிரை மூத்திரத்தில் சுண்ணாம்புச் சத்தும் சளியும் இயல்பாகவே உண்டு. என்னைக் கவலைப்பட வைத்தது அந்தச் சொட்டலும், போகிறபோக்கில் நீங்கள் எழுதிய கடைசி வரியும்தான்.

குதிரைக்கு மூத்திரத் தொற்று சும்மா வராது. மூத்திரப்பையில் கல் இருக்கலாம். ஈன்றபோது காயம் பட்டிருக்கலாம். பிறப்புறுப்பின் உதடு சரிந்து லத்தி உள்ளே இறங்கலாம். அதற்குத் தையல் போட்டாலே பல குதிரைகள் தேறிவிடும். இல்லையென்றால் பை முழுதாகக் காலியாகாமல் தேங்கி, நிரம்பி வழிந்து சொட்டும். உங்கள் குதிரைக்கு இந்தக் கடைசிக் காரணம்தான் என்று சந்தேகப்படுகிறேன்.

கோ.எப்.எஸ். 29 சூடான் புல்லோடு கலந்து உருவாக்கிய ரகம். பலமுறை அறுக்கலாம், மாட்டுக்கு அருமையான தீவனம். ரகத்தின் மேல் குற்றமில்லை. ஆனால் இளம் சோளத்திலும், அறுத்த தூரில் மறுபடி துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடு விஷம் இருப்பது நமக்குத் தெரிந்ததுதான். மாடு தின்றால் மூச்சுத் திணறி அங்கேயே விழும், அதனால் எச்சரிக்கையாக இருக்கிறோம். குதிரை அப்படி விழுவது அரிது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தின்னத் தின்ன முதுகுத்தண்டு நரம்பு கெடும். பின்கால் தள்ளாடும், மூத்திரப்பை செயலிழக்கும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பச்சைச் சோளத்தில் மேய்ந்த குதிரைகளுக்கு இது வந்திருக்கிறது. 'எல்லாக் கால்நடைக்கும் ஏற்றது' என்று சொல்லி விதைப் பையைக் கையில் கொடுப்பவர், குதிரை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவருக்குப் பை விற்றால் போதும்.

ஆகவே பச்சைச் சோளத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். நன்றாகக் காய்ந்த தட்டில் இந்தத் தொல்லை அரிது என்றாலும், இந்தக் குதிரைக்கு அதுவும் வேண்டாம். அருகம்புல் போடுங்கள், பூஞ்சை பிடிக்காத கடலைக்கொடி போடுங்கள். சோளம் போனால் கோ-4 கம்பு நேப்பியர் புல் என்று போய்விடாதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேர விடாது, அது வேறொரு வியாதிக்கு வழி. குதிரை மசால் நல்ல தீவனம்தான், ஆனால் கல் இல்லை என்று தெரியும்வரை பொறுங்கள்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. குதிரையைப் பின்னோக்கி நடத்துங்கள், சிறு வட்டமாகச் சுற்றுங்கள். பின்கால் பின்னினாலோ, வாலைத் தூக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் துவண்டாலோ நரம்புக் கோளாறுதான். அப்படியிருந்தால், தீவனத்தை மாற்றியதும் முழுக்கச் சரியாகிவிடும் என்று வாக்குத் தர மாட்டேன். பல குதிரைகளுக்குக் குறை தங்கிவிடுகிறது. ஆனால் மாற்றாமல் எந்த ஊசியும் பலிக்காது.

சரி, நீங்கள் கேட்ட ஊசிக்கு வருவோம். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்காமல் மாதாமாதம் மூன்று நாள் போட்டு, கிருமிக்குப் பழக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். தரையில் விழுந்ததைப் பிடிக்காமல், டாக்டரை விட்டுக் குழாய் வழியே எடுத்து, ஐஸில் வைத்து அன்றே கல்ச்சர் டெஸ்டுக்குக் கொடுங்கள். இப்படித் திரும்பத் திரும்ப வரும் தொற்றுக்குச் சரியான மருந்தே நாலைந்து வாரம் தேவைப்படலாம். குறிப்பாக ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசியையும் வலி ஊசியையும் கடைக்காரர் சொன்னார் என்று சேர்த்துப் போடாதீர்கள்; தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குதிரைக்குச் சிறுநீரகம் போய்விடும்.

முடிந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஏற்றிக்கொண்டு போங்கள். ஆசனவாய் வழியாகக் கைவிட்டுப் பார்த்தாலே பை நிரம்பிக் கிடக்கிறதா, கல் இருக்கிறதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அதுவரை பின்தொடையைத் தினமும் கழுவி, ஈரம் துடைத்து, வாசலின் தடவுங்கள்.

குதிரை சினையா என்று நீங்கள் எழுதவில்லை. சினையாக இருக்கும்போது இந்தச் சோளம் தின்ற குதிரைகள் மூட்டு மடங்கிய குட்டியை ஈன்றதுண்டு. அதையும் அதே நாளில் பார்க்கச் சொல்லுங்கள்.