ஏஐ வந்தபின் என் கடையில் மிச்சமான நேரம்

கேள்வி: வேலையிலும் வீட்டிலும் நேரத்தை மிச்சப்படுத்த ஏஐ கருவிகளை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்? உண்மையிலேயே நேரம் மிச்சமாகிறதா?

மிச்சமாகிறது. ஆனால் எழுதும் நேரம்தான் குறைந்திருக்கிறது, சரிபார்க்கும் நேரம் கூடியிருக்கிறது. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எனக்கு லாபம்தான். எப்படி என்று சொல்கிறேன்.

புதுச்சேரியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதுவது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது என்று எல்லா ஊரிலும் நடக்கிற வேலைதான். எங்கள் ஊருக்கே உரிய வேலை ஒன்றும் உண்டு: பிரெஞ்சுக் கடிதத்தைப் படித்துச் சொல்வது. 1962 ஆகஸ்ட் 16 அன்று இந்தியாவோடு இணையும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர்களின் குடும்பங்களும், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தாக்களின் குடும்பங்களும் இன்னும் இங்கே இருக்கின்றன. பென்ஷன் அங்கிருந்து வருகிறது, கடிதமும் அங்கிருந்தே வருகிறது. தாத்தாவுக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்கும். அவர் போனபின் பாட்டிக்கு போன்ஜூர், மெர்சிக்கு மேல் ஓடாது.

நான் பள்ளியில் படித்த பிரெஞ்சை வைத்து ஒரு பக்கக் கடிதத்தைப் புரிந்துகொள்ள முன்பெல்லாம் முக்கால் மணி நேரம் ஆகும். அகராதியைப் புரட்டியும் ஒரு வரி பிடிபடாவிட்டால் நாலு தெரு தள்ளி இருக்கும் பெரியவரிடம் ஓட வேண்டும். இப்போது போனில் படம் எடுத்து, “இதில் என்ன கேட்கிறார்கள், எதை அனுப்ப வேண்டும், எந்தத் தேதிக்குள்? இருப்பதை மட்டும் தமிழில் சொல்” என்று போடுகிறேன். பத்து நிமிடத்தில் முடிகிறது, அதில் ஐந்து நிமிடம் சரிபார்ப்பது. “இருப்பதை மட்டும்” என்று சொல்லாவிட்டால் அது தன் பங்குக்கு நாலு ஆலோசனையும் சேர்த்துவிடும்.

சரிபார்க்கும் பழக்கம் ஒரே நாளில் வந்தது. மஞ்சப்பையில் நாலாக மடித்த கடிதத்தோடு ஒரு பாட்டி வந்தார். கணவர் இறந்தபின் மனைவிக்கு வரும் பென்ஷன் பற்றிய கடிதம். படம் எடுத்தேன். மாதம் 41,250 யூரோ என்று தமிழில் வந்து நின்றது. எனக்கே ஒரு நொடி கை நடுங்கியது. “எவ்ளோ பாப்பா போட்டிருக்கான்?” என்று பாட்டி கேட்கிறார். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை. “கொஞ்சம் இருங்க பாட்டி” என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 412,50. பிரெஞ்சுக்காரர்கள் நாம் புள்ளி வைக்கும் இடத்தில் கமா வைப்பார்கள். நானூற்றுப் பன்னிரண்டு யூரோ ஐம்பது சென்ட். மடிப்பு சரியாக அந்த கமாவின் மேல் விழுந்திருந்தது, கருவி தனக்குத் தோன்றிய இடத்தில் கமாவைப் போட்டுக்கொண்டது. அந்தப் பாட்டியிடம் முதலில் பெரிய தொகையைச் சொல்லிவிட்டுப் பிறகு இல்லை என்று சொல்லியிருந்தால், அப்புறம் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அன்றிலிருந்து தொகை, தேதி, பெயர் மூன்றையும் ஏஐ சொல்வதிலிருந்து எடுப்பதே இல்லை. காகிதத்தில் விரல் வைத்துப் படிக்கிறேன். பழைய பிறப்புப் பதிவேட்டு நகல் வந்தால் இன்னும் கஷ்டம். பிரெஞ்சுக்காரர் கையெழுத்தில் 1 என்பதற்கு நீளமாக ஒரு தூக்கல் இருக்கும், பார்த்தால் 7 மாதிரியே தெரியும். நிஜமான 7-க்குக் குறுக்கே ஒரு கோடு இருக்கும். இது தெரியாத கருவி 1931-ஐ 1937 என்று படிக்கிறது. அடுத்தது பெயர். நமக்கு இனிஷியல்தான். அவர்கள் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி ஏஐ மிக அழகாக நிரப்பிக் கொடுக்கும். அது அப்படியே போய்ச் சேர்ந்தால் அதைத் திருத்த எத்தனை மாதம் அலைய வேண்டும் என்று என் வாடிக்கையாளர்களைக் கேளுங்கள்.

வருடா வருடம் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சான்று அனுப்பும் படிவமும் வரும். நேரத்துக்குப் போகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அதில் ஏஐ உதவுவது, எந்தக் கட்டத்தில் என்ன கேட்கிறான் என்று சொல்வதோடு சரி. அதிகாரப்பூர்வமாகக் கொடுக்க வேண்டிய மொழிபெயர்ப்புக்கு இன்றும் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம்தான் அனுப்புகிறேன்.

தமிழ் மனு எழுதுவது வேறு கதை. முதல் தடவை தாசில்தாருக்கு மனு கேட்டேன். “அன்புள்ள தாசில்தார் அவர்களே, இந்தக் கடிதம் தங்களை நலமான நிலையில் சந்திக்கும் என்று நம்புகிறேன்” என்று ஆரம்பித்தது. தாசில்தார் என்ன நம் மாமாவா? அனுப்புநர், பெறுநர், பொருள் எதுவும் இல்லை. இப்போது நானே எழுதிய பழைய மனு இரண்டை முதலில் ஒட்டிவிட்டு, “இதே அமைப்பில், இதே நடையில், இந்த விவரத்துக்கு எழுது” என்கிறேன். தொண்ணூறு சதவீதம் சரியாக வருகிறது.

டைப்பிங் கடைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று: பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே ஒட்டாதீர்கள். நமக்குத் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் குறிகளும்தான், ஏஐ தாறுமாறாக ஊகிக்கும். முதலில் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறைக்கு, மாற்றிக்கொள்ளுங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் போனது.

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இருக்கும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்துவிட்டுத்தான் படம் எடுக்கிறேன். நம் உரையாடலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லும் வசதி பல கருவிகளில் அமைப்புகளுக்குள் இருக்கிறது, அதையும் போட்டு வைத்திருக்கிறேன். ஊரார் காகிதம் அல்லவா.

வீட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. சமையல் குறிப்பு கேட்டுப் பார்த்தேன், மீன் குழம்பில் புளியின் அளவைப் பார்த்துவிட்டு மாமியார் சிரித்த சிரிப்போடு அது முடிந்தது. பையனின் கணக்குக்கு மட்டும் உண்மையிலேயே உதவுகிறது. இங்கே அரசுப் பள்ளிகளும் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன, நான் படித்ததோ தமிழ் மீடியம். அவன் புத்தகத்தில் உள்ள வார்த்தை எனக்குப் புரியாது, நான் சொல்லும் “பகுதி, தொகுதி” அவனுக்குப் புரியாது. ஒரு கணக்கைக் கொடுத்து, “விடையைச் சொல்லாதே, முதல் படியை மட்டும் தமிழில் எனக்கு விளக்கு” என்று கேட்டுக்கொண்டு, அப்புறம் அவனுக்கு நான் சொல்லித் தருகிறேன். போனை அவன் கையில் கொடுப்பதில்லை. கொடுத்தால் வீட்டுப்பாடம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், பரீட்சையில் மாட்டுவான்.

காசு கட்டி வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நான் இலவசத்தில்தான் ஓட்டுகிறேன். ஆங்கிலத்தை விடத் தமிழ்ச் சொற்களைப் பல துண்டுகளாக உடைத்துத்தான் இவை படிக்கின்றன, அதனால் நீளமான தமிழ்க் கோப்பு என்றால் இலவச அளவு சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்காகத்தான் கடையில் ஒன்று, என் போனில் ஒன்று என்று இரண்டு வேறு கருவிகள் வைத்திருக்கிறேன். ஒன்று தீர்ந்தால் இன்னொன்று. இரண்டும் தீர்ந்த நாளில் அந்தப் பெரியவர் வீட்டுக்கு நடக்கிறேன். இப்போதும் அவர் காபி கொடுத்துவிட்டுத்தான் கடிதத்தைக் கையில் வாங்குவார்.