கிடந்ததா, கிடத்தியதா?

அன்புள்ள ஐயா,

'த ஃபைல் இஸ் லேயிங் ஆன் த டேபிள்' என்று எழுதினேன். 'லையிங்' என்று திருத்தித் தந்தார்கள். 'லே' என்றால் ஒரு பொருளை வைப்பது, அதற்குச் செயப்படுபொருள் வேண்டும் என்று விளக்கமும் சொன்னார்கள். ஆனால் ஒரு நாவலில் 'ஹி லே ஆன் த கிராஸ்' என்று வருகிறது. அவன் எதை வைத்தான்? அச்சுப்பிழையா?

கே.

அன்புள்ள கே.,

அச்சுப்பிழை இல்லை. அங்கே இருப்பது நீங்கள் நினைக்கும் 'லே' அல்ல, 'லை' என்ற வினையின் இறந்தகாலம். 'புல்மேல் படுத்துக் கிடந்தான்' என்று பொருள். ஒரு வினையின் இறந்தகாலமும் இன்னொன்றின் நிகழ்காலமும் எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாகிவிட்டதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

பொருள் வேறுபாடு நமக்குப் புதிதல்ல. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்ததுதான். 'லை' கிடப்பது, 'லே' கிடத்துவது. ரைஸ்–ரெய்ஸ் (எழு–எழுப்பு), ஃபால்–ஃபெல் (விழு–வீழ்த்து, பெரும்பாலும் மரத்தை) எல்லாம் இதே வகை. ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் பிறவினைக்கென்று ஒரு விகுதி இருந்தது. அது தேய்ந்துபோய், உயிரொலியில் அது உண்டாக்கிய மாற்றம் மட்டும் தங்கிவிட்டது.

வடிவங்களை மூன்று மூன்றாகவே மனப்பாடம் செய்யுங்கள். கிடப்பதற்கு லை, லே, லேன். கிடத்துவதற்கு லே, லேடு, லேடு. பொய் சொல்லும் 'லை' தனி வினை. அதற்கு லை, லைடு, லைடு.

உங்கள் 'லேயிங்'கைவிட அதிகம் பார்க்கும் பிழை 'ஷி லேடு ஆன் த பெட்'. 'டு' என்று முடிந்தால்தான் இறந்தகாலம் போலக் காதுக்குப் படுகிறது, கை தானாக எழுதிவிடுகிறது. 'ஷி லே ஆன் த பெட்' என்பதே சரி. 'லேடு' எழுதினால் 'எதை?' என்று கேளுங்கள். விடை பின்னால் இருக்க வேண்டும்: 'ஷி லேடு த பேபி ஆன் த பெட்'. செயப்பாட்டு வினையானால் விடை எழுவாயாக முன்னால் வந்து நிற்கும்: 'த கார்ப்பெட் வாஸ் லேடு'. எழுத்துக்கூட்டல் எல், ஏ, ஐ, டி. 'ஒய்' போட்டு 'இடி' சேர்ப்பது தவறு.

வாசிக்கும்போது, கேள்வியாக இல்லாத சாதாரண வாக்கியத்தில் 'ஹி', 'ஷி'க்குப் பின் 'எஸ்' இல்லாமல் 'லே' வந்தால் பெரும்பாலும் கிடந்த கதைதான். 'தே', 'ஐ' வந்தால் அடுத்த சொல்லையும் பாருங்கள். 'தே லே பிரிக்ஸ்' செங்கல் அடுக்குகிறார்கள். 'தே லே ஆன் த சேண்ட்' மணலில் கிடந்தார்கள்.

'லேன்' சரியான வடிவம்தான், ஆனால் ஏட்டு வாடை வீசும். 'ஹாஸ் பீன் லையிங்' என்று எழுதினால் இயல்பாக இருக்கும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே 'ஐ ஆம் கோயிங் டு லே டவுன்' என்று சொல்வதைக் கேட்பீர்கள். பேச்சில் அது ஊறிப்போன வழக்கம். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் பின்பற்றாதீர்கள், திருத்துகிறவர் விடமாட்டார்.

செயப்படுபொருள் இல்லாமலே 'லேயிங்' சரியாக வரும் இடமும் உண்டு: 'த ஹென்ஸ் ஆர் லேயிங்'. கோழி எதை இடும் என்று சொல்லத் தேவையில்லை என்பதால் முட்டையை விட்டுவிடுகிறார்கள்.