ஸ்டாக் காரில், அதாவது கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் காரில், கிளம்பும்போது முன்சக்கரம் தூக்குமா?

தூக்கும். 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமன் கம்பெனி பொருத்திய பாகங்களோடே 2.92 அடி தூரம் முன்சக்கரம் தரையில் படாமல் போய் கின்னஸில் ஏறியது. உங்கள் ஹெல்கேட் (அதே டாட்ஜின் கார்) முன்சக்கரத்தைத் தூக்காமல், பின்டயர் வழுக்கிச் சுழன்று புகைதான் விடுகிறது என்கிறீர்கள். 707 குதிரைசக்தி குறைவில்லை, பிடிமானம்தான் போதவில்லை.

முதல் செலவு டயருக்கு: 18 அங்குல ரிம், 315/40 டிராக் ரேடியல் (நேர்கோட்டுப் பந்தயத்துக்கான ஒட்டும் டயர்), காற்று 20 பிஎஸ்ஐ அளவில். பசை போட்ட டிராக் ஸ்ட்ரிப்பும் (நேர்கோட்டுப் பந்தயத் தடம்) வேண்டும், சாலையில் நடக்காது. அடுத்து முன் ஷாக் அப்சார்பர். மூக்கு சட்டென எழும்ப ரீபவுண்ட் (ஷாக் நீளும்போது தரும் எதிர்ப்பு) தளர்வாக இருக்கணும். எழும்பும் பாடி சஸ்பென்ஷனின் கடைசி எல்லையைத் தொடும்போது அந்த வேகமே சக்கரத்தையும் இழுத்துத் தூக்கும். டீமனில் டிரான்ஸ்பிரேக்கும் (கியர்பாக்ஸையே பூட்டும் பிரேக்) உண்டு: காரைப் பிடித்துக்கொண்டே 2,350 ஆர்பிஎம் வரை ஏற்றி பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் காற்றழுத்தம்) சேர்த்து, ஒரே அடியாய் விடும்.

கிரிப் கூடினால் பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஹாஃப் ஷாஃப்ட்தான் முதலில் முறியக்கூடும், அதை முன்கூட்டியே மாற்றுங்கள். சக்கரம் மேலே இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுக்காதீர்கள். மூக்கு மொத்தமாக விழுந்து எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் பேன் அடிபடும்.