சிறையிலிருந்து வருகிறவனுக்கு மருந்து எதற்கு? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான் அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒரு அம்மாவின் மகன் அடுத்த மாதம் சிறையிலிருந்து வருகிறான். ஹெராயின் பழக்கம் இருந்தது. 14 மாதமாகத் தொடவில்லை. அந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாக உள்ளே தினமும் மெத்தடோன் என்ற மருந்து கொடுக்கிறார்களாம். "வந்ததும் அதையும் நிறுத்திவிட வேண்டும், ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்கிறார் அவர். எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். இதை அந்த அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

ஹெராயின் எடுக்க எடுக்க உடம்பு அதைத் தாங்கப் பழகுகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டால் அந்தத் தாங்கும் சக்தி சீக்கிரமே போய்விடும். மனதுக்கோ பழைய அளவு மறக்காது. ஏதோ ஒரு நாள் மனம் தளர்ந்து அதே அளவை எடுத்தால் மூச்சே நின்றுபோகலாம். இன்று தெருவில் விற்பதில் ஃபென்டனில் என்ற இன்னொரு போதைமருந்து வேறு பெரும்பாலும் கலந்திருக்கிறது. அது ஹெராயினைவிட 50 மடங்கு வரை வீரியமானது. வாஷிங்டன் மாநிலத்தில் 1999 முதல் 2003 வரை விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றி ஆராய்ந்தார்கள். வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில், போதைமருந்து அளவு மீறி இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட அவர்களுக்கு 129 மடங்கு இருந்தது. பிள்ளை வந்துவிட்டான் என்று வீடே நிம்மதியாக இருக்கும் அதே இரண்டு வாரம்.

சரியான அளவில் எடுக்கும் மெத்தடோன் போதை ஏற்றாது, ஏக்கத்தை அடக்கும். உங்கள் மாநிலத்தையே பாருங்கள். 2016-ல் சிறைகளில் மெத்தடோன் உட்பட மூன்று மருந்துகளைக் கொடுக்கத் தொடங்கி, வெளியே வந்த பிறகும் தொடர வழி செய்தார்கள். அந்த ஆண்டின் முதல் ஆறு மாதத்தில், போதைமருந்தால் இறந்தவர்களில் 26 பேர் சமீபத்தில் சிறையிலிருந்து வந்தவர்கள். மறு ஆண்டு அதே ஆறு மாதத்தில் 9 பேர்.

இன்னொன்று: அளவு மீறி மூச்சு நிற்கும்போது அதைத் திரும்ப வரவைக்கும் நலோக்சோன் மூக்கு ஸ்ப்ரே 2023 முதல் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். மூச்சு தடுமாறி உதடு நீலம் பாரித்தால் ஒரு மூக்குத் துவாரத்தில் வைத்து அழுத்திவிட்டு, உடனே 911-ஐ அழைக்க வேண்டும். வெட்கப்பட்டு அதை அலமாரிக்குள் ஒளித்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சமையலறையில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இந்தச் சிகிச்சைக்கான மெத்தடோனைச் சாதாரண மருந்துக்கடையில் வாங்க முடியாது. அதற்கென்று இருக்கும் கிளினிக்குக்கு, ஆரம்பத்தில் அடிக்கடி, சில இடங்களில் தினமும்கூட, நேரில் போக வேண்டியிருக்கும். அவனிடம் அநேகமாகக் காரும் இருக்காது. அம்மாவுக்கு ஷிப்ட் இருக்கும் காலைகளில் நீங்கள் அவனைக் கொண்டுபோய் விட முடியுமா?