எலி, குதிரை, எருது: கால்நடை டாக்டரிடம் கேள்வி பதில்

விலங்குகளை வைத்து மருந்து சோதிப்பது சரியா என்று தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன். ஒரு ஃபார்மசி கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவில் சில வருடம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் வீட்டு ஆட்டுக்குக் கழிச்சல் என்றால் இங்கே கேட்காதீர்கள், பக்கத்து மருந்தகத்துக்கு ஓட்டிக்கொண்டு போங்கள்.

பாலக்கோடு: எலி உடம்பு வேறு, மனித உடம்பு வேறு. அப்புறம் எலியில் சோதித்து என்ன பயன் டாக்டர்?

1937-இல் அமெரிக்காவில் ஒரு சல்ஃபா மருந்தைச் சிரப்பாக்கி விற்றார்கள். ருசி பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், எந்த விலங்குக்கும் கொடுத்துப் பார்க்கவில்லை. மருந்தைக் கரைக்கச் சேர்த்த டைஎத்திலீன் கிளைகால் சிறுநீரகத்தைக் கெடுத்து 100 பேருக்கு மேல் செத்தார்கள். நாலு எலிக்கு ஊற்றியிருந்தாலே தெரிந்திருக்கும். அடுத்த வருடமே அங்கே சட்டம் வந்தது.

கர்ப்பிணிகள் சாப்பிட்டுக் குழந்தைகள் ஊனமாகப் பிறந்த தாலிடோமைடு மருந்தைக் காட்டி, விலங்குச் சோதனை வீண் என்பார்கள். 1957-இல் விற்பனைக்கு வருமுன் அதைச் சினை விலங்குகளில் ஒழுங்காகச் சோதிக்கவே இல்லை. பிறகு சோதித்தபோது எலிகள் பெரிதாக ஒன்றும் காட்டவில்லை, முயல் குட்டிகள் ஊனமாகப் பிறந்தன. எந்த விலங்கை எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உங்கள் பக்கத்துக்கும் ஒரு சாட்சி உண்டு. 2006-இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை ஆறு ஆண்களுக்கு ஏற்றினார்கள். குரங்குகள் தாங்கிய அளவில் 500-இல் ஒரு பங்குதான். ஒரே நாளில் ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள், நல்லவேளை பிழைத்துக்கொண்டார்கள். பெரிய ஆபத்துகளை விலங்குச் சோதனை பிடித்துவிடும். எல்லாவற்றையும் பிடிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஓசூர்: ஷாம்பு, கிரீமெல்லாம் இன்னும் முயல் கண்ணில் விட்டுப் பார்க்கிறார்களா?

இந்தியாவில் 2014-லிருந்து அழகுசாதனப் பொருளை விலங்குகளில் சோதிக்கத் தடை. அப்படிச் சோதித்ததை இறக்குமதி செய்யவும் தடை.

ஊத்தங்கரை: எம்.ஃபார்ம் படிக்கிறேன் சார். ஆவாரம்பூ சாறு கொடுத்தால் எலிக்குச் சர்க்கரை குறைகிறதா என்று ஆய்வு. அனுமதி கிடைக்க எவ்வளவு நாள் ஆகும்?

அதை உங்கள் கல்லூரிக் குழுவிடம் கேளுங்கள் தம்பி. அனுமதி எண் கைக்கு வராமல் ஒரு எலிகூட வாங்காதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய் வரவைக்க ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டுக் கணையத்தைக் கெடுத்த எலி தண்ணீர் பாட்டிலை விட்டு நகராது. குடிக்கும், பெய்யும், மறுபடி குடிக்கும். கூண்டில் பரப்பிய உமி ஒரே ராத்திரியில் சொதசொதவென்று ஆகிவிடும். காலையில் கதவைத் திறந்தால் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். எலி முடி சிலிர்த்துச் சுருண்டு கிடக்கும், கண்ணோரம் சிவப்பாகக் கசிந்திருக்கும். ரத்தம் என்று பையன்கள் பதறுவார்கள். ரத்தமில்லை, வேதனையில் சுரக்கிற நிறமி.

இதே பூ, இதே ஊசி என்று ஆய்வேடு வந்துகொண்டே இருக்கிறது, வந்தவுடன் அலமாரிக்குப் போகிறது. 1959-இல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் ரஸ்ஸலும் பர்ச்சும் மூன்று விதி எழுதினார்கள்: முடிந்தால் விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை. நம் 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் வெறும் கைப்பழக்கத்துக்காகச் சோதனை செய்யக் கூடாது என்கிறது. தெரிந்த பதிலை மறுபடி தெரிந்துகொள்ள எலி எதற்கு? மருந்துக்காகச் சாகிற எலியைவிட, பட்டத்துக்காகச் சாகிற எலிதான் என்னை உறுத்துகிறது.

பென்னாகரம்: பாம்புக்கடி மருந்துக்குக் குதிரை ரத்தத்தை உறிஞ்சுகிறார்களாமே. பாவமில்லையா ஐயா?

குதிரையைக் கொல்வதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்கின் விஷத்தையும் துளித்துளியாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போய் ஊசி போடுவார்கள். குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஊறியதும் கழுத்தில் ரத்தம் எடுப்பார்கள். பிளாஸ்மாவை வைத்துக்கொண்டு சிவப்பணுவைக் குதிரைக்கே திருப்பி ஏற்றுவது நல்ல முறை. ஊசி போட்ட இடம் வீங்கும், சில நேரம் சீழ் வைக்கும். விஷம் பெரும்பாலும் வருவது மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. விஷம் எடுத்த பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

குதிரையை மட்டும் கேட்கிறீர்கள், சுண்டெலியை யாரும் கேட்பதில்லை. மருந்தில் வீரியம் இருக்கிறதா என்று பார்க்க, விஷத்தையும் மருந்தையும் கலந்து சுண்டெலிக்குப் போட்டு, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுகிறார்கள். பாவம்தான். ஆனால் களத்துமேட்டில் படுத்துக் கட்டுவிரியனிடம் கடிபட்டவனுக்கு இன்றைக்கு வேறு மருந்து கிடையாது. கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். நேராக ஜி.ஹெச்.

காரிமங்கலம்: எலியைக் கொல்வது பாவமா, இல்லையா?

இப்போதுதான் சொன்னேன்.

காவேரிப்பட்டணம்: வெள்ளெலிக்கு எட்டுப் பேர் குழு வைக்கிறீர்கள். எருது விடும் விழாவில் மாட்டுக்கு யார் குழு வைத்தார்கள்?

வம்பை இழுத்துவிட்டீர்கள். சரி. 1960 சட்டம், நோய் தீர்க்கும் அறிவுக்காகச் செய்யும் சோதனைக்கு விலக்குக் கொடுத்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்தது, 2017-இல் நம் மாநிலம் எருது விடும் விழாவையும் சேர்த்து அந்தச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே மாதம் அதே நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இரண்டுமே நிபந்தனையோடு வந்த விலக்குதான். எலிச் சோதனையில் எதற்கு, எத்தனை, வலிக்கு என்ன மருந்து என்று முன்னாலேயே எழுதித் தர வேண்டும். எருதை விழா அன்று காலையில் நாங்கள் பார்ப்போம். மூக்குத் துவாரம் விரிந்திருக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, சாராயம் ஊற்றியிருக்கிறார்களா என்று வாயை முகர்ந்தும் பார்ப்போம். பின்னால் வரிசையில் நிற்கும் மாடுகளும் மைக்கும் விசிலும் நம்மை அவசரப்படுத்தும்.

பர்கூர்: மாட்டைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம் ஐயா. ஆய்வுக்கூட எலியோடு ஒப்பிடுவது அநியாயம்.

உங்கள் பாசத்தை நான் மறுக்கவில்லை. முதல் நாள் சுடுதண்ணீர் வைத்துக் குளிப்பாட்டியவரே மறுநாள் வாடிவாசலில் வாலைக் கடித்ததையும் பார்த்திருக்கிறேன். எலிக்கூண்டு கழுவுகிற ஆளுக்கும் எலி மேல் பாசம் உண்டு. தட்டு வைக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் எனக்குத் தெரியும்.

தேன்கனிக்கோட்டை: அப்படியானால் இரண்டையும் தடை செய்ய வேண்டியதுதானே அண்ணா?

கட்டுவிரியன் கடித்த பிள்ளையை வைத்திருக்கும் அம்மாவிடம் போய் அதைச் சொல்ல என்னால் முடியாது. எருதின் கொம்பில் கட்டிய தட்டியைப் பறிக்காமல் போனால் யாரும் சாகப்போவதில்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது காவேரிப்பட்டணம் நண்பருடைய ஆசை, என்னுடையது இல்லை.

பர்கூர் (மறுபடியும்): அப்போது எங்கள் விழாவைக் குறை சொல்கிறீர்கள்!

வாலைக் கடிப்பதைக் குறை சொல்கிறேன்.

பாப்பிரெட்டிப்பட்டி: எலிக்கும் நமக்கும் உடம்பு வேறுதானே...

பாலக்கோடு நண்பருக்கான பதிலைப் படியுங்கள்.

அரூர்: எங்கள் காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. ஆட்டு மூளையில் செய்தது என்பார்கள். நிஜமா? ஏன் நிறுத்தினார்கள்?

நிஜம்தான் ஐயா. செம்மறியாட்டு மூளையில் ரேபிஸ் கிருமியை வளர்த்து, அதைச் செயலிழக்கச் செய்து ஊசியாக்கினார்கள். 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் நம் பக்கத்துக்குப் பெரிய ஆதாரம். அந்த மூளைத் திசு ஒத்துக்கொள்ளாமல் சிலருக்கு நரம்பு பாதித்துக் கைகால் விழுந்துவிட்டது. 2004 டிசம்பரோடு இந்தியாவில் அந்தத் தயாரிப்பு நின்றது. இப்போது பெரும்பாலும் வீரோ செல்லில் கிருமியை வளர்க்கிறார்கள். 1962-இல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல் அது, இன்னும் குடுவையில் பெருகிக்கொண்டிருக்கிறது. ஆடும் தப்பியது, உங்கள் தொப்புளும் தப்பியது. இப்படி ஒவ்வொன்றாக மாற்று வரும், எருது விட்டதற்கு வரிந்துகட்டியவர்கள் இதையும் கொஞ்சம் கேட்டால் சீக்கிரமே வரும்.

நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். பாம்புக்குச் சொன்ன அதே ஜி.ஹெச். எருதைப் பற்றி இன்னும் ஒரு கட்டுக் கேள்வி வந்திருக்கிறது. அவற்றுக்குப் பதில் சொல்வதாக இல்லை.